எங்கள் ஊர்க்காரி இல்லை

நியூஹோம், அயோவா
1932 அக்டோபர் 23

எல்க் ஃபெரி நகரசபை உறுப்பினர் திரு. எர்வின் ரோடே அவர்களுக்கு,

அண்ணா என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. போன தேர்தலில் உன் இரும்புக்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த நோட்டீஸில் இருந்தபடியே எழுதிவிட்டேன்.

நாங்கள் நியூஹோமுக்கு வந்து சேர்ந்தாயிற்று. நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை. ஹோட்டலில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறேன். சிக்னே தம்பி ஆர்னியைப் பார்த்துக்கொள்கிறாள். பள்ளிக்கூடத்தில் இன்னும் சேர்க்கவில்லை.

உங்கள் காகிதத்தைக் கொண்டுவந்தவன் ஓட்டிஸ். பள்ளியில் எனக்குப் பின்பெஞ்சில் இருந்து என் ஜடையை இழுத்தவன், இப்போது ஊர்க் காவலர். பிள்ளைகள் சோளக்கூழ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான், துக்கம் கேட்க வந்தவன் மாதிரி.

“ஹுல்டா, என்னைத் திட்டாத. கொடுக்கச் சொன்னாங்க, கொடுக்கறேன். அவ்ளோதான்.”

சிக்னேதான் உரக்கப் படித்தாள். இக்குடும்பம் இந்த ஊரைச் சேர்ந்தது அல்ல, ஊருக்குப் பாரமாகக் கூடியது, உடனே வெளியேற வேண்டும். படித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: “அம்மா, பாரம்னா யாரு? நாமளா?”

கீழே உங்கள் ஐந்து பேரின் கையெழுத்து. உன்னுடையது மூன்றாவது. அதே எழுத்துதான், எர்வின். சின்ன வயதில் என் சிலேட்டில் பிடித்து எழுதச் சொல்லிக்கொடுத்தாயே, அதே வளைந்த ‘ரோ’.

உன் கடைக்கு வந்தேன். மினா அண்ணி, “அவர் வெளியூர் போயிருக்காரே” என்றாள். பின்கட்டுத் திரைக்கு அடியில் உன் பூட்ஸ் தெரிந்தது. பூட்ஸ் நகரவேயில்லை. நானும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வந்துவிட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று எழுதாதே. நகரசபையில் இதற்குக் கையைத் தூக்கும்போது என்ன நினைத்தாய், அதை எழுது.

ஹுல்டா லிண்ட்கிரென்


எல்க் ஃபெரி
1932 அக்டோபர் 31

அன்புள்ள ஹுல்டா,

இங்கு அனைவரும் நலம். மினாவின் அம்மாவுக்கு மட்டும் மூட்டுவலி. அவர்கள் வீடு ஏலத்துக்குப் போனதிலிருந்து மாமனாரும் மாமியாரும் எங்களோடுதான், உனக்குத் தெரியும்.

நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய். கோபம் நியாயம்தான். ஆனால் நிலைமையையும் பார். கல்யாணமான பெண்ணுக்குப் புருஷன் ஊர்தான் ஊர். நெல்ஸ் மின்னசோட்டாக்காரன். உங்கள் நிலம் கையைவிட்டுப் போனதும் அவன் சரக்கு ரயிலில் ஏறி ஆப்பிள் பறிக்கிறேன் என்று மேற்கே போனான். போனவன் போனவன்தான். நீ பிள்ளைகளோடு இங்கே வந்தாய். அறிவிப்பு எதுவும் தராமல் ஒரு வருஷம் விட்டுவிட்டால் உங்களுக்குக் கரியும் மாவும் கொடுக்கும் பொறுப்பு நகரசபை தலையில் விழும். வருஷம் முடிய இன்னும் சில வாரம்தான் இருந்தது. அதனால்தான் அவசரம். உனக்கு மட்டுமல்ல, ஏழு குடும்பங்களுக்குக் கொடுத்தோம். தங்கையை மட்டும் விட்டுவிடு என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? ஊர் என்ன பேசும்?

இன்னொன்று. அது வெறும் காகிதம். அதற்காக நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கவே வேண்டாம். மற்ற ஆறு குடும்பங்களும் இங்கேதான் இருக்கின்றன. நகரசபை உதவி கிடைக்காது, அவ்வளவுதான். நீ எப்போதுமே அவசரக்காரி.

இங்கே வேலை தலைக்குமேல். தெருவிளக்குகளில் ஒன்றுவிட்டு ஒன்றை அணைத்துவிட்டோம். எந்த ஒன்று என்று முடிவு செய்ய இரண்டு கூட்டம். எல்லோருக்கும் அடுத்தவன் வீட்டு விளக்கை அணைக்கத்தான் ஆசை. நாய் உரிமம் எடுக்காதவர்கள் பாதி ஊர். டாக்டரின் பசு மறுபடியும் பூங்காவில் மேய்ந்து, மேயர் ப்ரூயிட்டின் மனைவி வைத்த பூச்செடிகளைத் தின்றுவிட்டது. நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

மினா பீட்ரூட் ஊறுகாய் இரண்டு ஜாடி அனுப்பியிருக்கிறாள்.

உன் அண்ணன்
எர்வின்


நியூஹோம்
1932 டிசம்பர் 1

அண்ணா,

ஊறுகாயை வீசி எறிந்திருப்பேன். பிள்ளைகள் முதல் ஜாடியை அதற்குள் திறந்துவிட்டார்கள். மினாவிடம் நன்றி சொல்.

இந்தக் கடிதத்தில் உன்னைத் திட்டப்போவதில்லை. ஒரு காரியம் கேட்கப்போகிறேன்.

ஹோட்டலில் ஆளே வருவதில்லை, அதனால் என்னை நிறுத்திவிட்டார்கள். உதவி கேட்டு இந்த ஊர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே மிஸ் காரிகன் என்று ஓர் அதிகாரி. கெட்டவள் இல்லை, கறாரானவள். மறுநாளே நியூஹோமும் எனக்கு அதே காகிதத்தைக் கொடுத்துவிட்டது. வாசகம்கூட மாறவில்லை. இரண்டு ஊரும் ஒரே அச்சகத்தில் அடிக்கிறீர்களா?

மிஸ் காரிகன் மின்னசோட்டாவில் நெல்ஸின் ஊருக்கு எழுதினாள். அவன் ஊரைவிட்டுப் போய்ப் பல வருஷமாயிற்று, அவன் இப்போது எங்கள் ஆள் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. அவள் அதை என்னிடம் காட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னாள்: “இதோ பாரும்மா, உன்னை ஏதாவது ஒரு ஊர் ‘எங்காளு’ன்னு சொல்லணும். யாருமே சொல்லலைன்னா, பசங்களை மாவட்ட அநாதை இல்லத்துல விடறதைத் தவிர எனக்கு வேற வழி தெரியலை.”

அந்தக் காகிதத்தை எல்க் ஃபெரி திரும்பப் பெற்றால் போதும். நான் அங்கேயே பிறந்தவள் என்று ஒரு தீர்மானம் போடுங்கள். கரியும் மாவும்கூட வேண்டாம், இஸ்திரிப் பெட்டியை வைத்துப் பிழைத்துக்கொள்வேன். ஒரு ஊரின் பெயர் மட்டும் வேண்டும், பிள்ளைகள் என்னிடம் இருப்பதற்கு.

கையைத் தூக்கினது தூக்கினதாக இருக்கட்டும். இன்னொரு தடவை தூக்கு.

ஹுல்டா


எல்க் ஃபெரி
1932 டிசம்பர் 20

அன்புள்ள ஹுல்டா,

உன் கடிதத்தைப் படித்துக் கலங்கிவிட்டேன். மினாவும்தான்.

உடனே காரியத்தில் இறங்கினேன். ஐந்தாம் தேதிக் கூட்டத்திலேயே உன் விஷயத்தைச் சேர்க்கச் சொன்னேன். ஆனால் அன்று முழுவதும் பனிச்சறுக்குக் குளம். ஆற்றோரப் பள்ளத்தில் தண்ணீர் விட்டு உறையவைக்கலாமா, தண்ணீர் யார் கணக்கு, ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒரே நேரத்தில் சறுக்கலாமா. பாதிரியார் வந்து ஒரு மணி நேரம் பேசினார். பிறகு டாக்டரின் பசு. உன் விஷயம் கடைசி. மேயர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “எர்வின், இது குடும்ப விஷயம் மாதிரி இருக்கு. நிதானமா அடுத்த தடவை பாத்துக்கலாமே?” என்றார். எல்லோரும் அதற்குள் கோட்டை மாட்டியிருந்தார்கள்.

நேற்று நடந்த கூட்டத்துக்கு இரண்டு பேர் வரவில்லை, சளிக்காய்ச்சல். ஜனவரியில் நிச்சயம். கொஞ்சம் பொறுமையாக இரு. மிஸ் காரிகனிடம் மரியாதையாகப் பேசு, உன் வாய் உனக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு ஆர்னிக்கு ஒரு மரக்குதிரை அனுப்பியிருக்கிறேன். கடையில் விற்காமல் கிடந்ததுதான், ஆனால் புதிது.

எர்வின்


நியூஹோம்
1933 ஜனவரி 12

அண்ணா,

குதிரையின் ஒரு கால் வழியிலேயே உடைந்துவிட்டது. ஆர்னிக்கு அது பொருட்டே இல்லை. படுக்கும்போது கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். இருமல் விடவில்லை அவனுக்கு.

சிக்னே இப்போது என்னோடு இல்லை. ஒரு பால் பண்ணையில் வீட்டு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். சாப்பாடும் படுக்கையும் உண்டு, படிப்பு இல்லை. மிஸ் காரிகன் ஏற்பாடு. போகும்போது அழவில்லை. “அவன் ஒரு வாய் கம்மியா சாப்பிட வேணாம்மா இனிமே, என் பங்கையும் அவனுக்கே கொடு” என்றாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பேசும் பேச்சா இது?

பிப்ரவரி முடியும்வரை பொறுத்துப் பார்ப்பதாக மிஸ் காரிகன் சொல்லியிருக்கிறாள். அதற்குமேல் அவள் கையில் இல்லையாம். அவளுக்கு மேலேயும் யாரோ கையைத் தூக்குகிறார்கள் போலிருக்கிறது.

நீ நகரசபைக் கதைகளை வேடிக்கையாக எழுதுகிறாய். அந்தக் குளத்தையும் பசுவையும் நான் சிரித்துக்கொண்டே படிப்பேன் என்று உனக்கு எப்படித் தோன்றியது? என் பெயரைக் கடைசியில் வைக்காதே. நாய்களுக்கு முன்னால் வை. பசுவுக்கு முன்னால் வை.

ஹுல்டா


எல்க் ஃபெரி
1933 பிப்ரவரி 8

அன்புள்ள ஹுல்டா,

திங்கட்கிழமை உன் விஷயம் முதலாவதாகவே வந்தது. நானே கேட்டு வாங்கினேன்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். இவள் இங்கே பிறந்தவள், எங்கள் அப்பாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும், என்றேன். மேயர் ப்ரூயிட் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “எர்வின், உன் தங்கச்சிக்குக் கதவைத் திறந்தா, மீதி ஆறு குடும்பமும் நாளைக்கே வாசல்ல நிக்கும். அவங்களுக்கு நகரசபையில அண்ணன் இல்லைங்கறதுதான் வித்தியாசமா?” என்றார்.

மரக்கடை ஹோப்ஸ், அவன் வாய் உனக்குத் தெரியும், “இவ்ளோ துடிக்கறியே, நீயே வீட்டுல வச்சுக்கயேன்யா! ஊரு எதுக்குத் தீர்மானம் போடணும்?” என்று கேட்டுவிட்டான். சிரித்தார்கள். மாமனார் மாமியார் இருப்பதை அங்கே போய்ச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

வக்கீலின் கருத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று வைத்திருக்கிறார்கள். அது மார்ச் மாதம் வந்துவிடும். மாதக் கடைசியில் தேர்தல் வேறு. இந்த நேரத்தில் நான் ரொம்ப அழுத்தினால், குடும்பத்துக்காகப் பதவியைப் பயன்படுத்துகிறான் என்ற பேச்சு வரும். நான் தோற்றுவிட்டால் உனக்காகப் பேச அங்கே யார் இருப்பார்கள்? அதையும் யோசி.

எர்வின்


நியூஹோம்
1933 பிப்ரவரி 24

அண்ணா,

சுருக்கமாக எழுதுகிறேன், தபால் வண்டி போய்விடும்.

ஊர் வேண்டாம். தீர்மானம் வேண்டாம். என்னையும் கூப்பிட வேண்டாம். ஆர்னியை மட்டும் உன் வீட்டில் வைத்துக்கொள்வாயா? கோடைகாலம் வரை. சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு படுக்கை போதும். நாலு வயதுப் பிள்ளை, அதிகம் சாப்பிட மாட்டான். யாரையும் தொந்தரவு செய்ய மாட்டான், நானே அவனுக்குச் சொல்லி அனுப்புகிறேன். உறவினர் வீடு இருந்தால் பிள்ளையை எடுக்க மாட்டேன் என்று மிஸ் காரிகன் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

இதற்கு நகரசபையில் யாரும் கை தூக்க வேண்டாம். நீயும் மினாவும் சரி என்றால் போதும்.

செவ்வாய்க்கிழமைக்குள் தந்தி கொடு. ஒரே வார்த்தை போதும்.

ஹுல்டா


எல்க் ஃபெரி
1933 மார்ச் 9

அன்புள்ள ஹுல்டா,

நல்ல செய்தி! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உன் தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஐந்து பேரும் ஒருமனதாக!

நடந்தது இதுதான். நாடு முழுக்க வங்கிகளை மூடிவிட்டார்களே, இங்கேயும் மூடியாயிற்று. ஊழியர்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக, பணம் மாதிரிச் செல்லும் சீட்டை ஊரே அடித்துக் கொடுக்கலாமா என்று சிறப்புக் கூட்டம். மேயர் உட்பட எல்லோர் முகத்திலும் பயம். அவர் வங்கியில் போட்டதும் உள்ளே மாட்டிக்கொண்டதல்லவா. அந்த நேரத்தில் வக்கீலின் கடிதத்தை எடுத்து வைத்தேன். தடை இல்லை என்று எழுதியிருந்தார். “சரி சரி, போட்டுத் தொலைங்க, இனிமே யாரு ஊர்க்காரன் யாரு பரதேசி” என்று ப்ரூயிட் சொல்லிவிட்டார். ஹோப்ஸ்கூடக் கையைத் தூக்கினான். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், முத்திரையோடு. மிஸ் காரிகனிடம் காட்டு.

ஆர்னி விஷயமாக நீ எழுதியது வந்தது. உடனே தந்தி கொடுத்திருக்க வேண்டும்தான். மினாவிடம் பேசினேன். அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பிள்ளை வேறு இருமுகிறான், எப்படியும் தீர்மானம் வரப்போகிறது, அதுவரை பார்ப்போமே என்றாள். எனக்கும் அது சரியாகப் பட்டது. அதற்குள் வங்கி, கூட்டம் என்று நாள் போய்விட்டது. எப்படியோ, நல்லபடியாக முடிந்ததே.

வந்துவிடு. ரயிலடிக்கு நானே வண்டி கொண்டுவருகிறேன்.

உன் அண்ணன்
எர்வின்


நியூஹோம்
1933 மார்ச் 14

எர்வின்,

நகலைத் திருப்பி அனுப்புகிறேன். முத்திரை அழகாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம்வரை தந்தி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்த ஆள் எனக்குக் காப்பி கொடுத்தான். கடைசியில், “வீட்டுக்குப் போங்கம்மா, வந்தா நானே ஓடிவந்து சொல்றேன்” என்றான். அவன் வரவில்லை. மறுநாள் மிஸ் காரிகன் வந்தாள்.

இல்லத்தில் இடம் இல்லை. டெக்கர் என்று ஒரு தம்பதி, பிள்ளை இல்லாதவர்கள், ஆர்னியைச் சொந்தமாகவே வளர்க்க எடுத்துக்கொண்டார்கள். எல்க் ஃபெரியிலிருந்து வரும் பெரிய சாலையில், பாலம் தாண்டிப் பண்ணையாம். பெயர் எனக்குத் தெரிந்திருக்கக்கூடாது. மிஸ் காரிகனின் மேசையில் தலைகீழாகப் படித்தேன். பிள்ளையை விட்டுக்கொடுக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் நல்ல வீடு, போடாவிட்டால் எந்த வீடு என்று அவளால் சொல்ல முடியாது என்றாள். போட்டேன். அந்த வீட்டுக்கு நான் போகக்கூடாது, எழுதக்கூடாது. அதிலும் ஒரு வாசகம் உண்டு.

உங்களுக்கு நான் நன்றி கெட்டவளாகத் தெரியலாம். ஊருக்கு அப்படியே சொல்லிக்கொள். பொறு பொறு என்றாய். பொறுத்தேன். இப்போது எனக்கு ஊர் எதற்கு? ஒருத்திக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள அறையே போதும்.

மினா மாட்டேன் என்று சொல்லவில்லை என்கிறாய். நீயும் சொல்லவில்லை. நகரசபையும் எனக்கு ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொல்லவில்லை. யோசித்துப் பார், யாருமே சொல்லவில்லை.

இனி எழுதாதே.

ஹுல்டா


எல்க் ஃபெரி
1933 மே 15

ஹுல்டா,

இது நான்காவது கடிதம். மற்ற மூன்றையும் நீ பிரித்தாயா என்று தெரியாது. தேர்தலில் வென்றதை அதில் ஒன்றில் எழுதியிருந்தேன். எழுதியிருக்கக்கூடாது.

இதை மட்டும் படி. நான் ஆர்னியைப் பார்த்தேன்.

மழையில் பெரிய சாலை அரித்துவிட்டது. நகர எல்லைவரைதான் எங்கள் பொறுப்பு. நான் பாலத்தையும் தாண்டிப் போனேன். டெக்கர் பண்ணை வெள்ளை வேலி போட்டது. கோழிகள் நிறைய. அவன் முற்றத்தில் ஒரு வாளியை இழுத்துக்கொண்டிருந்தான். வளர்ந்திருக்கிறான். கன்னத்தில் சதை போட்டிருக்கிறது.

அந்த அம்மாள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். “யாருங்க? யாரைப் பாக்கணும்?” என்றாள். நல்ல முகம், ஆனால் பையனுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். யாராவது இப்படி வந்து நிற்பார்கள் என்று தினமும் எதிர்பார்ப்பவள் போல.

அவன் மாமன் என்று சொல்லத்தான் போனேன், ஹுல்டா. வாய்வரை வந்தது. சொன்னால் உனக்குத் தொந்தரவாகுமோ என்று ஒரு நினைப்பு. அதுதான் காரணமா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன், தெரியவில்லை. “நகரசபையிலேருந்து வரேம்மா. மழைத்தண்ணி வடிகால் பாக்க வந்தேன்” என்றேன்.

“அது எங்க பொறுப்பு இல்லையே?”

“ஆமா. இல்லதான்” என்றேன்.

பையன் என்னிடம் வந்து, “உங்க வண்டில குதிரை இல்லையா?” என்று கேட்டான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. மோட்டார் வண்டி, குதிரை வேண்டாம் என்றேன். அவள், “ரேமண்ட், உள்ள வா” என்று கூப்பிட்டாள். போய்விட்டான். அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் அவனை.

வடிகாலைப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் குனிந்து நின்றுவிட்டு வந்தேன். பூட்ஸெல்லாம் சேறு. மினா கேட்டதற்குச் சாலை வேலை என்றேன்.

நீ பதில் போடமாட்டாய் என்று தெரியும்.

எர்வின்


நியூஹோம்
1933 மே 18

எர்வின்,

உன்னை மன்னித்து எழுதுகிறேன் என்று நினைக்காதே. அது வேறு விஷயம், அது முடிந்துவிட்டது. ஆனால் அவனைப் பார்த்த கண் உன்னிடம்தான் இருக்கிறது. வேறு யாரிடம் கேட்பேன்?

நீ நிறைய எழுதியிருக்கிறாய். உன் வாய்வரை வந்தது, உன் பூட்ஸில் ஒட்டியது, எல்லாம். அவனைப் பற்றி நாலு வரிதான்.

அவன் காலில் செருப்பு இருந்ததா? அந்த வாளி கனமானதா, விளையாட்டு வாளியா? இருமினானா? தலைமுடியை வெட்டிவிட்டார்களா? உன்னிடம் பேசும்போது பயந்து பேசினானா, சாதாரணமாகப் பேசினானா? அவள் கூப்பிட்டபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனானா, முன்னால் ஓடினானா?

இன்னொன்று. இதற்கு எனக்கு ஆறுதலாக எதையும் எழுதாதே. உன் வீட்டுக்கும் ஊருக்கும் ஏற்றபடி எழுதாதே. எப்படி நடந்ததோ அப்படியே எழுது. அவள் ரேமண்ட் என்று கூப்பிட்டவுடனே திரும்பினானா? இல்லை, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் கொஞ்சம் நின்றானா?

ஹுல்டா